சும்மா நிற்கிறவள்

எனக்குத் தொண்டை போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் முப்பது மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினால் இரும்புத் தொண்டையும் போகத்தான் செய்யும். டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கத்தவே கூடாது என்றார். "நான் லைன் சூப்பர்வைசருங்க" என்றேன். அதற்கென்ன என்பதுபோலப் பார்த்தார். பனியன் கம்பெனியில் ஒரு நாள் நின்றிருந்தால் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

வீரபாண்டியில் எங்கள் கம்பெனி. முப்பது மெஷின் கொண்ட மூன்றாவது லைன் என்னுடையது. மானேஜர் சசிகுமார் என்னைவிடப் பத்து வயது சின்னவர். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு மேஜைமேல் போட்டார்.

"கத்த முடியாத சூப்பர்வைசரை வெச்சுட்டு நான் என்னுங்க்கா பண்றது? போன சரக்கே ஷேடு மாறிப் போச்சுன்னு திரும்பி வந்துருச்சு. சனிக்கிழமை சரக்கு வாங்கற பையரோட ஆளு செக்கிங் வர்றாரு. அதுல பாஸ் ஆகோணும். இல்லாட்டி நீங்க மறுபடியும் மெஷின்ல உக்காந்துக்கோங்க."

மெஷினிலிருந்து எழுந்து இந்த இடத்துக்கு வர எனக்கு ஒன்பது வருஷம் ஆனது.

போன வருஷம் கம்பெனியில் சூப்பர்வைசர்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். ஏவாதீர்கள், கேளுங்கள், அவர்களையே யோசிக்க விடுங்கள் என்று ஓர் அம்மா இரண்டு நாள் பேசினார். நான் பின்வரிசையில் தூங்கினேன். இப்போது வேறு வழியில்லை.

திரும்பி வந்த பனியன் ஒன்றை வெயிலில் விரித்துப் பார்த்தேன். உடம்பு ஒரு நீலம், ஸ்லீவ் ஒரு நீலம். டியூப்லைட்டில் தெரியாத வித்தியாசம் அது. ஸ்லீவ் வைப்பது செல்லத்தாய், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பழைய நானாக இருந்தால் அதை அவள் முகத்தில் வீசியிருப்பேன். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இது எப்படி ஆச்சு கண்ணு?"

"தப்புதான்க்கா. இனிமே செய்யமாட்டேன்."

"தப்பு கெடக்கட்டும். எப்படி ஆச்சு?"

பதில் என் நுனிநாக்கில் ஆயிரம் இருந்தது. சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு நிமிஷம் பிரசவ வலிக்குக் குறைந்ததில்லை.

"ஒரு பண்டில்ல ஒரு ஸ்லீவ் ஓட்டையா இருக்கும்க்கா. அடுத்த பண்டில்ல இருந்து ஒண்ண எடுத்து வச்சுருவேன். எல்லாரும் அப்படித்தான்."

ஒரே ரோலில் வெட்டிய துணிதான் ஒரு பண்டில். அடுத்த பண்டில் வேறு ரோலாக இருந்தால் சாயம் இம்மியளவு மாறும். இது அவளுக்குத் தெரியாததா?

"நிறுத்திட்டுக் கட்டிங்ல கேட்டு வாங்கலாமுல்ல?"

"மெஷின நிறுத்தினா நீங்க கத்துவியல்லா."

திரும்பி வந்த பனியன் அத்தனையும் என் கத்தலுக்குப் பயந்து தைத்தவை. அதை அவள் குற்றமாகக்கூடச் சொல்லவில்லை, மழை பெய்தால் நனைவோம் என்பதுபோலச் சொன்னாள்.

"அப்ப என்ன பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க" என்று, டீக்கு மெஷின்கள் நின்றதும் லைனைக் கேட்டேன். குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்து எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீ நேரம் முடிந்த பிறகுதான் கடைசி மெஷின் மருதாள் வாயைத் திறந்தாள்.

"பீஸ் கொறைஞ்சா எந்திரிச்சு நின்னுக்கறோமுங்க. நிக்கறதப் பாத்துக் கட்டிங்காரரு அதே ரோல்ல கொண்டாந்து தரட்டும்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஆளாளுக்கு எழுந்து நின்றார்கள். பாதி உருப்படிகூட வரவில்லை. என் நாக்கு துடித்தது. கத்துவது சுலபம், கத்திவிட்டு நகர்ந்துவிடலாம். கேட்டால் பதில் வரும்வரை நிற்க வேண்டும். நின்றேன். எங்கே குறைகிறது, ஏன் அங்கேயே குறைகிறது என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன். புதன்கிழமை அவர்களே பண்டிலைப் பிரித்ததும் முதலில் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை உருப்படி பழைய கணக்குக்கு வந்துவிட்டது. தினமும் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தேன்.

சனிக்கிழமை செக்கிங் ஆள் பனியன்களை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுகூடக் கழியவில்லை.

சசிகுமார் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டே போனேன்.

"பாஸ்தானுங்க்கா. சந்தோசம். ஆனா வாரம் பூரா கேமராவுல பாத்தேன். அவங்களே நிக்கறாங்க, அவங்களே வாங்கறாங்க, அவங்களே திருத்திக்கறாங்க. நீங்க சும்மா நிக்கறீங்க. சும்மா நிக்கறதுக்கு ஒரு ஆளு எதுக்குங்க? டைலருதான் பத்த மாட்டேங்குது. திங்கக்கிழமையில இருந்து மெஷின்ல உக்காந்துக்கோங்க."

"அந்தச் சும்மாதானுங்க என்ற வேலை" என்றேன். குரல் எழும்பாமல் காற்றுதான் வந்தது. அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். பழைய தொண்டை இருந்திருந்தால் அந்த ரூமே அதிர்ந்திருக்கும்.

திங்கள்கிழமை காலையில் செல்லத்தாய் தன் பக்கத்து மெஷினை எனக்காகத் துடைத்து, ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள்.

"உக்காருங்க கண்ணு, நேரமாச்சு" என்றேன்.

நானும் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷம் நின்ற கால். என்ன சுகமாக இருந்தது! அந்தச் சுகத்தை நினைத்துத்தான் அழுதேன்.