பூஜைக்கு வைத்த லேப்டாப்

ஒன்பது வருஷம் சென்னையில் மெயின்பிரேமில் வேலை பார்த்தவள் சத்யபிரியா. பிள்ளை பிறந்து தென்காசிக்கு வந்து ஆறு வருஷம் ஓடிவிட்டது. திரும்ப வேலைக்குப் போகக் கை பழக வேண்டும். மெயின்பிரேம் என்பது பீரோ பெரிசு கம்ப்யூட்டர்; அதை வீட்டில் வாங்கி வைக்க முடியுமா? லேப்டாப்பை மெயின்பிரேம் போல வேஷம் கட்டவைக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. அதில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் வந்தது வினை. அதை விற்கும் கம்பெனிக்கு லைசென்ஸ் கேட்டு மூன்று தடவை எழுதினாள். எமுலேட்டரில் ஓட்டத் தனியாளுக்குத் தருவதில்லை என்று ஒரே பதில். பழகாதவளுக்கு வேலை கிடையாது, வேலையில்லாதவளுக்குப் பழக வழி கிடையாது. நல்ல நியாயம்!

பழைய ஆபீஸில் இன்னும் இருந்த வடகரை நஸீபாதான் கைகொடுத்தாள். சாரல் சீசனுக்கு ஊர் வந்தவள், குற்றாலம் ஐந்தருவியில் நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தோடு ஒரு பென்டிரைவையும் நீட்டினாள். அதில் ஆபீஸில் ஓடும் அதே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நகல், நஸீபாவின் லாகினோடு.

"ஏட்டி, யாருட்டயும் மூச்சு விட்டுராத. எம் பொழப்பே இதுல இருக்கு."

"எம் பிள்ள மேல சத்தியம்ட்டி" என்றாள் சத்யபிரியா.

மூன்று மாதம் பழகினாள். வேறொரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது, வீட்டிலிருந்தே பார்க்கலாம். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் செவ்வந்திச் சரம் சுற்றினாள்.

"தெர இருட்டிக் கெடக்கு பாரு. எரிய விடுட்டி, சோறு போடுத சாமான்லா?" என்றாள் மாமியார் முப்பிடாதியம்மாள்.

எமுலேட்டரை ஓடவிட்டு, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். ஊரே போடுகிறதுதானே. திரையில் பழைய ஆபீஸின் பெயரும் நஸீபாவின் லாகின் பெயரும் பளிச்சென்று தெரிந்தன. குங்குமம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தவள் அதைப் பார்க்கவில்லை. அவள் போனில் பழைய மேனேஜரின் நம்பர் இருந்தது. அவர் பார்த்துவிட்டார்.

சனிக்கிழமை நஸீபா கூப்பிட்டாள்.

"என்னைய வெளிய அனுப்பிட்டாங்க. லேப்டாப்பு என்னுது, உன் வீட்டுல வச்சிட்டு வந்தேன், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"ஏன்ட்டி அப்படிச் சொன்ன?"

"ரெண்டு பேரு பொழப்பும் போயி என்ன ஆகப்போவுது? படம் நல்லாத்தான் வந்திருக்கு" என்று போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை புது ஆபீஸின் முதல் படிவம் வந்தது. 'உரிமம் இல்லாத மென்பொருளை நான் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். சத்யபிரியாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னாலும் நஸீபாவுக்கு வேலை திரும்பி வராது. அந்த நியாயம் சத்யபிரியாவுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.