எண்ணெய்க் கை

ஜிஸ்மியின் தலையைப் பார்த்ததும் பிலோமிக்கு அடுப்பில் வைத்த கட்டன்சாயா மறந்துபோயிற்று. எண்ணெய் வழிய வழியப் பின்னி, வெயில் பட்டால் கருநாகம் மாதிரி மின்னுகிற சடை அது. இப்போது காய்ந்த தேங்காய் நாரைக் கட்டிவிட்ட மாதிரிப் பரட்டையாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சின்னக்கானல் தேயிலைத் தோட்ட லயத்துச் சனம் அப்போதுதான் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. பெண்ணின் கையில் அம்புக் குழாய்.

"என்னட்டி இது கோலம்? தலைல எண்ண வைக்கலையா?"

"வேண்டாம் அத்த."

பக்கத்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இன்னாசிராஜ், ஜிஸ்மியின் அப்பன், சும்மா இருப்பானா. "அவ இனி எண்ணையே தொடமாட்டாளாம் பிலோமி. தொடப்பத்த வெளிய வைக்கவே எனக்குப் பயமாருக்கு. அவசரத்துல மக தலையப் பிடிச்சு வாசலக் கூட்டிருவேன்."

"ஒங்க தலைல கூட்டுறதுக்கே ஒண்ணுமில்ல. என் தலையச் சொல்ல வந்துட்டீங்க" என்றாள் ஜிஸ்மி, திரும்பிப் பார்க்காமலே. இன்னாசிராஜ் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தான். பிலோமிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜிஸ்மி உள்ளே வந்து சன்னலோரம் உட்கார்ந்தாள். குழாயைத் திறந்து அம்புகளைப் பழைய துண்டின்மேல் உருட்டினாள்.

"சார் திருப்பிக் கேட்டாரு அத்த. சின்னப் புள்ளைகளுக்குக் குடுக்கணுமாம். எறகு விட்டதையெல்லாம் சொரண்டித் தாரேன், நீங்க புதுசா ஒட்டிக் குடுத்துருங்க."

"அப்ப ஒனக்கு?"

"நான் இனி அம்பு விடல. ரிசார்ட்டுல ரூம் கிளீனிங்குக்கு ஆள் எடுக்காங்க. ராமுத்தாய்க்கா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கு."

"ஈஸ்டர் கழிச்சு இன்னொரு செலக்சன் இருக்குன்னு சொன்னாங்களே?"

"இருக்கு. எனக்கு வேண்டாம்."

அவ்வளவுதான் பேச்சு. பிளேடை எடுத்து முதல் அம்பைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள்.

இந்த அம்பு நாம் நினைக்கிற மூங்கில் அம்பு இல்லை. பென்சிலைவிட ஒல்லியான, உள்ளே கூடான, கறுப்புக் கார்பன் குழாய். வால் பக்கம் மெல்லிய பிளாஸ்டிக்கில் மூன்று இறகு. அந்த மூன்றும் ஒரே சாய்வில் நின்றால்தான் அம்பு சுழன்று நேராகப் போகும். ஒன்று பிசகினாலும் குடித்தவன் நடை. பள்ளிக்கூடத்துக்கு வில் சொல்லிக் கொடுக்க வந்த சார் ஆரம்பத்தில் தானேதான் ஒட்டினார். கொழுந்து கிள்ளிப் பழகிய பிலோமியின் விரலைப் பார்த்துவிட்டு ஒருநாள் அவளிடம் கொடுத்தார். அதிலிருந்து அது அவள் வேலை. பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கவ்வியில் இறகைப் பிடித்து, பசையை மயிரிழையாக இழுத்து, மூச்சை அடக்கி வைத்து அழுத்தவேண்டும். துடைத்த இடம் பூசைப் பாத்திரம் மாதிரி, விரல் படக்கூடாது. பட்டால் அந்த இடத்தில் பசை பிடிக்காது. பிலோமி இதைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் காதே புளித்துப்போயிருந்தது.

பிள்ளைகள் என்றால் இரண்டு பேர். அவள் மகள் சிஞ்சு, தாயில்லாத ஜிஸ்மி. ஒரே லயம், ஒரே வகுப்பு, ஒரே சட்டியில் சோறு. ஜிஸ்மிக்குச் சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடுகிறதும் பிலோமிதான். வில்லைப் பிடித்தால் ஜிஸ்மி கை ஒரு விரற்கடை மேல். இது சிஞ்சுவுக்கும் தெரியும், சாருக்கும் தெரியும், எல்லாரையும்விடப் பெற்றவளுக்கு நன்றாகத் தெரியும்.

விளையாட்டு ஹாஸ்டலில் பெண்களுக்கு இருந்தது ஒரே இடம். செலக்சன் பாலக்காட்டுப் பக்கம், பெருமாட்டியில் தென்னந்தோப்பை ஒட்டிய மைதானத்தில். கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைத்தது. முதல் சுற்றில் ஜிஸ்மிதான் முன்னால் இருந்தாள். இலக்கிலிருந்து அம்பைப் பிடுங்கிவந்து மறுபடி விட்டபோது ஒன்று கோணிக்கொண்டு போய் மண்ணில் குத்தியது. அடுத்ததும் அப்படியே. பக்கத்தில் மோர்ப் பானையோடு நின்ற ஊர்க்காரப் பெண்பிள்ளை பிலோமியைத் தட்டிச் சொன்னாள்: "ஏனுங்க, அந்தப் புள்ளையோட அம்புல றெக்கை உதிருதுங்களே, பாத்தீங்களா?"

பிலோமி பார்த்தாள். பார்க்காமலே தெரிந்திருந்தது.

முந்தின நாள் சனிக்கிழமை. சிஞ்சுவின் அம்புகள் வெள்ளிக்கிழமையே ஒட்டிக் காய்ந்து அடுக்கியாயிற்று. ஜிஸ்மியின் அம்புகளைத் துடைத்துத் தயாராக வைத்திருந்த நேரத்தில் அந்தப் பெண் அவிழ்த்த தலையோடு வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது. 'நாளைக்கு ஆளுக எல்லாரும் பாப்பாக, நல்லா வழிய வழிய வச்சு விடுங்க அத்த.' வைத்துவிட்டாள். இழுத்துப் பின்னிவிட்டாள். பெண் குதித்துக்கொண்டு போய்விட்டது. கையெல்லாம் எண்ணெய். தண்ணீர்க் குழாய் லயத்துக் கடைசியில். வெளியே எலும்பில் இறங்குகிற குளிர். எழுந்துபோய்க் கை கழுவவேண்டும் என்று நினைத்தாள். நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒரே இடம்தானே இருக்கிறது என்றும் நினைத்தாள். அதுவும் நினைவிருக்கிறது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, வலக்கையில் இறகும் பசையும், இடக்கையில் அம்புமாக வேலையைத் தொடங்கினாள். ஒட்ட ஒட்ட, ஈரம் காயுமுன்னே எல்லாவற்றையும் குழாய்க்குள் போட்டு மூடினாள்.

இரண்டு நினைப்பில் எது முதலில் வந்தது? குளிர் முதலில் வந்திருந்தால் சோம்பல். மற்றது முதலில் வந்திருந்தால்? அந்த ஒரே இடம் கிடைத்துச் சிஞ்சு ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து பிலோமி இதைத்தான் அரைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்து எடுக்கையில் அரைத்தாள், சோறு வடிக்கையில் அரைத்தாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்க் கோபம் வந்தது, செபமாலை விட்டது என்று சில்லறையெல்லாம் சாமியாரிடம் சொன்னாள். இதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்தாள். வேண்டுமென்று செய்தேன் என்றால் அது பொய்யாகலாம். தெரியாமல் நடந்தது என்றால் அது நிச்சயம் பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பாவத்துக்கு என்ன பெயர் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சிஞ்சு போனில் "அம்மா, ஜிஸ்மி ஏன் என்கூடப் பேச மாட்டேங்கா?" என்று கேட்கும்போதெல்லாம் "சாயா பொங்குது, பெறகு கூப்பிடு" என்று வைத்துவிடுவாள்.

இப்போது நிஜமாகவே சாயா சுண்டிப்போயிருந்தது. இறக்கி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். சுரண்டி முடித்த அம்பை எடுத்து இரண்டு முனையிலும் பிடித்து லேசாக வளைத்தாள். காதருகே வைத்துக் கேட்டாள். உள்ளே கீறல் இருந்தால் கார்பன் முனகும். முனகுகிற அம்பை நாணில் ஏற்றினால் சிலும்பாக வெடித்துக் கையில் ஏறிவிடும். இது முனகவில்லை. நல்ல அம்பு. எல்லாமே நல்ல அம்புதான்.

"எண்ண ஏம்ட்டி வேண்டாம்ங்க?"

ஜிஸ்மி பிளேடை நிறுத்தவில்லை. "நீங்க எத்தன தடவ சொல்லிருக்கீங்க, எண்ணக் கையோட அம்பத் தொடாதீகன்னு. அன்னைக்குக் காத்துல சடை முன்னால முன்னால வந்து விழுந்துச்சு. நான் தள்ளித் தள்ளி விட்டுட்டு அதே கையால அம்ப எடுத்தேன். அதான் எறகு விட்டுப்போச்சு. ஒங்க வேலையையும் நாந்தான் கெடுத்தேன்." பிளேடில் ஒட்டிய துகளைத் துண்டில் தட்டினாள். "சார் ஒங்களையா திட்டுனாரு அத்த? என்னயத்தான் திட்டணும்னு அவர்ட்ட சொல்லிட்டேன்."

பிலோமிக்குத் தெரியும். ஒட்டிக் காய்ந்தபின் எண்ணெய்ச் சட்டியில் முக்கி எடுத்தாலும் இறகு விடாது. விடுவதென்றால் அடியில், ஒட்டுகிறதுக்கு முன்னால் பட்டிருக்கவேண்டும். இதைச் சொல்ல ஒரு வாய் போதும். சொன்னால் இந்தப் பெண் நாளைக்கே வில்லை எடுக்கும். எடுத்துக்கொண்டு அடுத்த வாசலிலிருந்து இந்த வாசலை எப்படிப் பார்க்கும்? ஹாஸ்டலில் இருக்கிறவள் காதுக்குப் போனால் அவள் என்ன ஆவாள்? பேசாமல் இருந்தாலோ ஒன்றுமே நடக்காது. ரிசார்ட்டு ரூமுகளைக் கூட்டிக்கொண்டு, பரட்டைத் தலையோடு, ஆயுசுக்கும் 'அத்த, அத்த' என்று இதே வாசலுக்கு வரும்.

ஜிஸ்மி அடுத்த அம்பை எடுத்தாள். இறகு முழுசாக உதிர்ந்த அம்பு. கறுப்புக் குழாயில் இறகு நின்ற இடத்தில் பசைக்கோடு பாதி, வெறுமை பாதி. அந்த வெறுமையில் கொஞ்சம் வெள்ளை பூத்திருந்தது. முதலில் பூஞ்சை என்றுதான் பிலோமி நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது. மூடிய குழாய்க்குள் பசையின் ஆவி அடைந்து, எண்ணெய் விரல் பட்ட இடத்தை மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தூக்கிக் காட்டியிருந்தது. ஒரு பெருவிரல். சுழி சுழியாக ரேகை. இறகுக்கு அடியில் கொஞ்சம், வெளியில் கொஞ்சம். ரேகையின் குறுக்கே கோடு கிழித்த மாதிரி ஒரு வெற்றிடம்.

சிறு வயதில் அரிவாள்மனையில் பட்டு, பிலோமியின் இடது பெருவிரலில் சாய்வாகப் போன தழும்பு அது. லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறபோது அந்தத் தழும்பு உறுத்துகிறது என்று இரண்டு பெண்களும் கேலி செய்வார்கள்.

ஜிஸ்மி பார்க்கவில்லை. பிளேடை மேல்முனையில் வைத்து இழுத்தாள். பசைத்துகள் துண்டில் சொரிந்தது. இன்னும் இரண்டு இழுப்பு. அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. பிலோமி காத்திருந்தால் போதும். காத்திருக்கத்தான் நினைத்தாள். பிளேடு இறங்கி வந்தது. பெண்ணின் முன்நெற்றியில் காய்ந்த மயிர் வந்து விழுந்தது. அதைத் தள்ளக் கையைத் தூக்கியவள், அம்பைத் தொடவேண்டிய கை என்று நினைவு வந்தவளாகப் பாதியில் நிறுத்திக்கொண்டு, தோளாலேயே ஒதுக்க முயன்றாள்.

"நில்லுட்டி" என்றாள் பிலோமி. "அதச் சொரண்டாத."

"ஏன் அத்த, வெடிச்சிருக்கா?"

பிலோமி அம்பை வாங்கிச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடது பெருவிரலை நீட்டி அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.  

"எறகுக்கு அடியில இருந்துருக்கு" என்றாள். "பாத்தியா."

ஜிஸ்மி முதலில் விரலைப் பார்த்தாள். பிறகு அம்பைப் பார்த்தாள். பிறகு இன்னும் பக்கத்தில் குனிந்தாள். பக்கத்து வாசலில் இன்னாசிராஜ் யாரிடமோ எதற்கோ பலமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பெண்ணின் மூச்சுப் பட்டுக் குளிர்ந்த கருங்குழாய் மங்கியது. மங்கலுக்குள் ரேகை சுழி சுழியாக இன்னும் வெளுப்பாக எழுந்து நின்றது, குறுக்கே அந்த ஒரு கோட்டோடு. பிலோமி விரலை எடுக்கவில்லை.