மூன்றாம் முறை கேட்ட கேள்வி

போர்கில்ட் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காப்பி குடித்து முடித்த கையோடு செத்துப்போனாள். எண்பத்தெட்டு வயது. யாருக்கும் தொந்தரவு தராத சாவு. இருந்தவரைக்கும் அவள் அப்படித்தான். மதியமே பிள்ளைகள் இருவரும் என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூத்தவள் கார்னா, மினியாபொலிஸ் நகரத்தில் பள்ளிக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இளையவன் ஓர்லன், அப்பா விட்டுப்போன பால் பண்ணையை இன்னும் நடத்துகிறவன்.

இந்த ஊரில் ஈமச்சடங்கு நிலையம் நடத்துகிறவள் நான். உடலை எடுத்து வருவது, குளிப்பாட்டுவது, குடும்பம் சம்மதித்தால் கெடாமல் இருக்க மருந்து ஏற்றுவது, பெட்டியில் வைத்து வழியனுப்புவது எல்லாம் என் கைவேலைதான். அதற்கு மாநிலம் கொடுத்த உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது.

"புதைக்கிறதா, எரிக்கிறதா?" என்று கேட்டேன்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எரிக்கிறதுன்னாலும் சரிதான்," என்றான் ஓர்லன்.

"ஆமா, அது ஒண்ணும் மோசமில்ல," என்றாள் கார்னா.

"உனக்கு அது சரின்னா எனக்கும் சரி."

"எனக்கென்ன, உனக்குச் சரின்னா போதும்."

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் மாநிலத்தில் பெற்றவளின் உடல்மேல் பிள்ளைகளுக்குச் சம உரிமை. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நீதிபதியிடம் போக வேண்டியதுதான். என் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்ட குடும்பங்களைப் பார்த்தவள் நான். அதனால் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எரியூட்டும் நிலையத்துக்கு ஃபோன் போட்டு, வெள்ளிக்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டேன்.

வேறு எதுவும் கேட்காமல் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு வாய் நீளம். நான் செக் நாட்டிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் கறி வேண்டுமென்றால் தட்டை நீட்டுவோம், வேண்டாமென்றால் முகத்தைச் சுளிப்போம். வாழ வந்தது, நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களின் ஊருக்கு. போன வருஷம் பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவரிடம், "எரிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு நாள் யோசிங்களேன்" என்று சொல்லித் தொலைத்தேன். விலை கூடிய சவப்பெட்டியாகப் பார்த்துத் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று அவர் மகன் மாநிலத்துக்குப் புகார் எழுதிவிட்டான். குடும்பத்தின் முடிவில் தலையிடக் கூடாது, இன்னொரு புகார் வந்தால் உரிமம் போய்விடும் என்று எச்சரிக்கை வந்தது. அன்றைக்குத் தைத்துக்கொண்ட வாயைத்தான் இப்போதும் மூடி வைத்திருந்தேன்.

புதன்கிழமை கார்னா உடுப்புக் கொண்டுவந்தாள். நீலக் கம்பளிப் பாவாடை, கையால் பின்னிய ஸ்வெட்டர், தடித்த காலுறை. அடியில் ஒரு ஜோடி ஷூ, புதிதாகப் பாலிஷ் போட்டது.

"எரிக்கிறப்ப ஷூ வேண்டியதில்ல, கார்னா."

"தெரியும். கால் குளிருமேன்னு..." என்றவள், பாதியில் நிறுத்திவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் ஓர்லன் வந்தான். எப்போதோ இரவல் வாங்கிப்போன ஒரு மடக்கு நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வந்தானாம். நானே அதை மறந்துவிட்டிருந்தேன். நாற்காலியைச் சாய்த்து வைத்த பிறகும் கிளம்புகிற வழியாக இல்லை.

"இப்பல்லாம் குழி எத்தனை அடி தோண்டுறாங்க, மில்லி?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான். ஏப்ரல் ஆயிருச்சே, பனியில இறுகின மண்ணு இளகிருச்சான்னு மண்வெட்டி போட்டுப் பாத்தேன். நல்லா இறங்குது."

"எங்க போட்டுப் பாத்த? கல்லறைத் தோட்டத்துலயா?"

"அந்தப் பக்கமா ஒரு வேலையாப் போனேன்."

"எரிக்கிறதுக்கு மண்ணு எதுக்குய்யா?"

"அதானே. வேண்டியதில்லதான். கார்னா ஆசைப்பட்ட மாதிரியே நடக்கட்டும்," என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

அவன் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். கார்னா எங்கே ஆசைப்பட்டாள்? அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரவேயில்லையே! முதலில் சொன்னவன் இவன். இவன் ஏன் சொன்னான் என்றால், அவள் ஆசைப்படுவதாக நினைத்து. அவள் ஏன் தலையாட்டினாள் என்றால், இவன் சொன்னதால்.

இந்த ஊரில் தட்டில் கடைசி கேக் துண்டு மிஞ்சினால் யாரும் எடுக்க மாட்டார்கள். "எடுத்துக்குங்க" என்றால் "ஐயோ, வயிறு ரொம்பிருச்சு" என்பார்கள். அது மரியாதை. இரண்டாம் தடவை சொன்னாலும் "வேற யாராவது சாப்பிடட்டும்" என்பார்கள். அதுவும் மரியாதைதான். மூன்றாம் தடவை கேட்டால்தான் உண்மையான பதில் வரும். கல்யாணமான புதிதில் இது தெரியாமல், ஒரு தடவை கேட்டுவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துப் போய் மாமியார் வீட்டையே பட்டினி போட்டிருக்கிறேன். அதற்கப்புறம் சாப்பாட்டு மேஜையில் நான் தவறியதில்லை. ஆனால் பெற்ற தாயை என்ன செய்வது என்று மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். எரிக்கும் முன் இன்னொரு தடவை கேட்கச் சொல்கிறது சட்டம், அவ்வளவுதான். அதை எழுதியவர்கள் தட்டை நீட்டுகிற ஜாதியாக இருந்திருக்க வேண்டும்.

எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. அதற்கு மேலும் கேட்டால் தலையிட்டதாக ஆகும். என் நினைப்பு தப்பாக இருந்து இருவரில் ஒருவர் முகம் கோணினாலும் பிழைப்பு போய்விடும். கேட்காமல் விட்டால் போர்கில்ட் நெருப்புக்குள் போய்விடுவாள். உரிமத்தையாவது கெஞ்சி வாங்கலாம், சாம்பலிலிருந்து ஆளை வாங்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். எரிப்பதற்கு முன்னால் குடும்பத்தார் முகத்தைப் பார்த்து, இது எங்கள் அம்மாதான் என்று சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால், வாசலில் மாநில ஆய்வாளர் ப்ரூக்கர் நிற்கிறார்! முன்கூட்டிச் சொல்லாமல் வருவதுதான் அவர் வேலை. நேரம் பார்த்து வந்து சேர்ந்தாரே மனுஷன் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே அவரை உடல் தயார் செய்யும் அறைக்கு அழைத்துப் போனேன். காற்றாடி ஓடுகிறதா, மருந்து தெறித்தால் கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, குளிர்ப்பெட்டி போதுமான குளிரில் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என் பின்னாலேயே வந்து, குடும்பம் நின்றிருந்த அறையின் கதவோரம் நின்றுகொண்டார்.

போர்கில்டுக்கு எல்லாம் உடுத்திவிட்டிருந்தேன், ஷூ உட்பட. கார்னா அம்மாவின் காலைப் பார்த்தாள். ஓர்லன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"எரிச்சுட்டா அப்புறம் மாத்த முடியாது. இப்பவரைக்கும் மனசு மாறலாம். எரிக்கிறதுதான் வேணுமா?" என்று கேட்டேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது விதி. ப்ரூக்கர் தலையசைத்தார்.

"சரிதான்," என்றான் ஓர்லன்.

"ம், சரிதான்," என்றாள் கார்னா.

வெளியே வண்டி பின்னோக்கி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாயைத் திறக்காதே என்று ஒரு மனசு சொன்னது. திறந்துவிட்டேன்.

"கார்னா, தம்பியை மறந்துரு. ஓர்லன், நீ அக்காவை மறந்துரு. உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது, ஒருத்தருக்காவது, இவளை எரிக்கணும்னு ஆசை இருக்கா?"

ப்ரூக்கர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், அவங்கதான் பதில் சொல்லிட்டாங்களே."

"சொன்னாங்க சார். ரெண்டு தடவைதான் சொல்லியிருக்காங்க."

அவருக்குப் புரியவில்லை. அவர் இந்தப் பக்கத்து ஆள் இல்லை.

கடைசியில் ஓர்லன் தரையைப் பார்த்தபடி, "எனக்கு இல்ல," என்றான்.

கார்னா திரும்பினாள். "என்ன இல்ல?"

"எனக்கு எரிக்க வேணாம். உனக்காகத்தான் சரின்னேன்."

"எனக்காகவா? நான் எப்படா கேட்டேன்?"

"உன் சிநேகிதி செத்தப்ப எரிச்சாங்க, எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு நீதானே சொன்ன?"

"அங்க போட்ட சாண்ட்விச்சைச் சொன்னேன், மடையா!" கார்னாவின் குரல் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது. "நீதான் முதல்ல வாயைத் திறந்தே. பண்ணையில வேலை கெடக்கு, சீக்கிரம் முடிக்கப் பாக்குறியோன்னு நெனச்சேன். மூணு நாளா தூங்கல நான்!"

"நீ வேணாம்னு சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நீ சொல்லுவேன்னு நான் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஓர்லன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அறுபது வயது ஆம்பிளை, மாடு முட்டி விலா எலும்பு ஒடிந்த அன்றுகூட "கொஞ்சம் வலிக்குது" என்று மட்டும் சொன்னவன். கார்னா அவன் முதுகில் கை வைத்தாள். வைத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் தட்டிக்கொடுத்தாள்.

"அம்மாகிட்ட நீ கேட்டியா?" என்றான் அவன்.

"கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப கேட்டேன். உங்களுக்கு எது சுலபமோ அதைச் செய்ங்கன்னா."

"என்கிட்டயும் அதேதான் சொன்னா. அப்புறம் நீ..."

"அப்புறம் கேக்கல."

"நானும் கேக்கல."

இருவரும் போர்கில்டைப் பார்த்தார்கள். அந்தக் கிழவிக்கும் மூன்றாம் தடவைக்குள் ஒரு பதில் இருந்திருக்கும். அதைக் கேட்க இனி யாராலும் முடியாது.

"அப்பா செத்தப்ப," என்றான் ஓர்லன், "கல்லறைக் கல்லுல தன் பேரையும் சேத்து வெட்டச் சொன்னா. வேணாம்மா, உயிரோட இருக்கிறவ பேரு எதுக்குன்னு சொன்னேன். கேக்கல. எங்கம்மா வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான்."

"அப்ப அவ பதில் சொல்லிட்டா," என்றாள் கார்னா.

நான் வெளியே போய் வண்டியைத் திருப்பி அனுப்பினேன். உள்ளே வந்தபோது ப்ரூக்கர் பேனாவை மூடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கையெழுத்தான முடிவு ஒன்று அவர் கண்ணெதிரே மாறியிருக்கிறது, மாற்றியது ஏற்கனவே எச்சரிக்கை வாங்கியவள்.

"குடும்பத்துல யாருக்காவது இவங்க மேல புகார் இருக்கா?" என்று முறைப்படி கேட்டார்.

"எனக்கு இருக்கு," என்றாள் கார்னா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "செவ்வாக்கிழமையே ஏன் திரும்பக் கேக்கல இவ?"

ப்ரூக்கர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பேனாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கண் கழுவும் குழாயில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் வேகமாக வரலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் கார் தெரு முனை திரும்பும் வரைக்கும் மூச்சைப் பிடித்திருந்தேன். பிறகு உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

திங்கட்கிழமை அடக்கம். வெயில் அடித்தது, காற்றில் சாண வாடை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் காப்பியும் முட்டை சாண்ட்விச்சும் வைத்துக் காத்திருந்தார்கள். பாதிரியார் ஜெபம் முடித்தார். கணவர் கல்லறைக்குப் பக்கத்துக் குழியில், மண் அமுங்காமலிருக்க ஏற்கனவே இறக்கியிருந்த கான்கிரீட் தொட்டிக்குள் பெட்டி மெல்ல இறங்கியது. கூட்டம் தலை குனிந்து நின்றது.

"நிறுத்துங்க," என்றாள் கார்னா.

ஊரே நிமிர்ந்தது. இங்கே அடக்கத்தின் நடுவில் யாரும் குரல் எழுப்பியதில்லை.

"எனக்கு இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமா வேணும். அப்பா பக்கம்."

குழிவெட்டிகள் என்னைப் பார்த்தார்கள். தொட்டிக்குள் மிஞ்சி மிஞ்சிப் போனால் இரண்டு விரற்கடை இடம் இருக்கும். "நகத்துங்கப்பா," என்றேன். ஓர்லன் கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, அவர்களோடு சேர்ந்து பெட்டியை இறக்கிய வாரைப் பிடித்து இழுத்தான். பெட்டி நகர்ந்து தொட்டிச் சுவரில் இடித்தது.

"இன்னும்?" என்று கேட்டான்.

கார்னா குனிந்து பார்த்தாள். "போதும். நல்லா இருக்கு," என்றாள்.