போணிக்கு முன்னால் வசவு கிடையாது

தேசம்மாவின் வாய் தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கிவிட்டது. வியாபாரம்தான் படுத்துவிட்டது.

எல்லாம் ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரனால் வந்த வினை. காசிமேடு மீன் சந்தையில் அவள் கடை முன் நின்று வஞ்சிரத்தின் செவுளைத் திறந்து திறந்து பார்த்தான். வாங்குகிற வழியைக் காணோம். "இன்னா நைனா, எம்மா நேரம் பாப்ப? மீனுக்கே வெக்கமா கீது, நவுரு!" என்றாள். யாரோ அதைப் போனில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். வேலைக்கு மனுப் போடாமல் விளம்பரத்தையே வெறிக்கிறவன், பேச வக்கில்லாமல் பெண்ணின் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பவன், எல்லாருக்கும் தேசம்மாவின் முகத்தை வைத்து மீம் போட்டார்கள். கோயம்புத்தூரில் 'மீனுக்கு வெக்கமா இருக்குதுங்க' ஆயிற்று. திருநெல்வேலியில் 'மீனுக்கே வெக்கமா இருக்குல' என்றார்கள். கடலையே பார்க்காத ஊரில்கூட மீன் வெட்கப்பட்டது.

தேசம்மாவுக்கு இதில் பெருமைதான், பொய் சொல்வானேன்? ஆனால் விடிந்தால் கடை முன் போனைத் தூக்கிக்கொண்டு ஒரு கும்பல். "யக்கா, என்னியத் திட்டுக்கா!" ஒருத்தனாவது மீன் வாங்கினால்தானே? தினமும் கூடை நிறைய வாங்கிப்போகும் மெஸ்காரி குப்பம்மாளும் எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

"உன் கடையாண்ட வந்தா என் மூஞ்சி ஊரெல்லாம் சுத்துது தேசு. நா மீன் வாங்க வரேன், சினிமால நடிக்கவா வரேன்?" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். குப்பம்மாள் போனால் பாதிக் கடை போன மாதிரி.

அன்று காலை வந்தவன் இனியன். கோயம்புத்தூர்க்காரன், பெரிய மீம் பக்கம் ஒன்றை நடத்துகிறவன்.

"ஏனுங்க்கா, என்னைய ஒருக்கா திட்டுங்க. அதுக்குன்னே ரயிலேறி வந்திருக்கனுங்க."

"போணியே ஆவல. போணிக்கு முன்ன இங்க எவளும் வாயத் தொறந்து திட்ட மாட்டா. அப்பால நாளே வெளங்காது."

"அட, நானே போணி பண்றனுங்க." வஞ்சிரம் ஒன்றை முழுசாக எடுத்துக்கொண்டான். தேசம்மா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மீனைத் துண்டு போட்டாள். அவன் போனை நிமிர்த்திப் பிடித்து, திட்டு வாங்குகிற முகத்தோடு நின்றான்.

"இப்பத் திட்டுங்கக்கா."

"ஐயே! வாங்குனவன எப்டிப்பா திட்டுவேன்? நல்லா இரு ராஜா. தலைய கொழம்புல போடு, துண்ட வறுத்துக்கோ."

"அப்பறம் யாரத்தானுங்க திட்டுவீங்க?"

"வாங்காத போறவன. அவனும் நாளைக்கு வந்து வாங்கிட்டான்னா, திட்டுனது வாபஸ்."

கும்பல் விழுந்து விழுந்து சிரித்தது. வசவுக்கு வந்தவன் கையில் மீனோடு நின்றான், பாவம். ஆனால் விவரமான பையன். போனில் எடுத்ததை அப்படியே தன் பக்கத்தில் போட்டுவிட்டான். 'வாங்குனவன எப்டிப்பா திட்டுவேன்' பழைய வசனத்தைவிடப் பிய்த்துக்கொண்டு ஓடியது. பரீட்சையில் தேறியவனுக்கும் அதுதான், சொன்ன நேரத்துக்கு வந்தவனுக்கும் அதுதான். வருகிறவர்கள் இப்போது மீன் வாங்கப் பையும் கொண்டுவந்தார்கள்.

ஒருநாள் கூட்டத்துக்குப் பின்னால் குப்பம்மாளின் கூடை தெரிந்தது. ஏழெட்டுப் போன்கள் அவள் பக்கம் திரும்பின. தேசம்மா கத்தியும் கையுமாக எழுந்தாள்.

"டேய்! அது மீன் வாங்க வந்த மூஞ்சி. எறக்குங்கடா போன!"

அத்தனை கைகளும் இறங்கின.

குப்பம்மாள் முன்னால் வந்து குந்தினாள். சங்கரா மீனைப் புரட்டினாள், செவுளைத் திறந்தாள், மறுபடி புரட்டினாள். தேசம்மா இன்னொரு மீனை எடுத்து அவள் முன் தள்ளினாள்.

"ஏம்மே, இத்தினி நாளா உன்னாண்ட வாங்காத போனேனே," என்றாள் குப்பம்மாள், மீனைப் பார்த்தபடியே. "என்னிய ஒரு வார்த்த திட்டலியே நீ?"

"திட்டாம? தெனம் மனசுக்குள்ள திட்டிக்கினுதான் இருந்தேன்." தேசம்மா அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எல்லாம் வாபஸ்."