கடைசி அத்தியாயத்தில் கை வைக்காதீர்கள்

நோன்பு மாதத்தில் தினமும் சாயங்காலம் ரொம்லா டீச்சர் தொழுகைக்கூடத்து ஒலிபெருக்கியில் நாவல் படிப்பாள். நோன்பு திறக்கும்வரை பொழுது போக வேண்டுமே. டெமாக் கரையில் கடல் தின்று மீந்த அந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? வயல் போயிற்று, இறால் குட்டை போயிற்று, சந்தைக்குப் போகும் பாதையும் தண்ணீருக்குள். காது மட்டும்தான் மிச்சம்.

போன வருஷம் ஒரு காதல் கதை. இந்த வருஷம் அவளே அடம்பிடித்துக் கொண்டுவந்தது 'உப்பு வாசல்', கடல் ஏறி வரும் ஓர் ஊரின் கதை. முதல் நாளே மைக்கில் சொல்லிவிட்டாள்.

"இதை நீங்க கேட்டே ஆகணும். டிவில நம்மளக் காட்டும்போதெல்லாம் பாவம் பாவம்ங்கிறான். இந்தக் கதைல ஒருத்தரும் பாவம் இல்ல. திட்டுவாங்க, சண்டை போடுவாங்க, மறுநாள் மண்வெட்டியத் தூக்கிட்டு நிப்பாங்க."

கதையோடு ஊர் அப்படியே ஒட்டிக்கொண்டது, ஓர் இடம் தவிர. இங்கே தண்ணீர் ஏற ஏற மண் கொட்டித் தரையை உயர்த்துவார்கள். கூரையை உயர்த்த யாரிடம் வசதி? அதனால் வாசலில் எல்லோரும் குனிந்துதான் நுழைவார்கள். நாவலாசிரியரோ கதாநாயகனை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் அனுப்பிவிட்டார்.

"மண்டை உடைஞ்சிருக்குமே," என்றாள் சிப்பி உடைத்துப் பிழைக்கும் முந்தாமா. "எழுதினவரை ஒரு நாள் என் வீட்டுக்கு வரச்சொல்லு டீச்சர். நெத்தியில நானே மருந்து போடுறேன்." கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முந்தாமா புருஷனைக் கடலில் தொலைத்தவள். ரொம்லாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளும்கூட.

கதை முடியப்போகும் சமயத்தில்தான் ஊர்த்தலைவர் கஸ்மூரி வந்து நின்றார். வெறும் வயிறு, முகத்தில் கடுகு வெடித்தது.

"கடைசியில எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுறாங்களாமே? என் மருமக படிச்சிருக்கா."

"ஆமா, போயிடுறாங்க."

"ஏற்கெனவே முந்தாமா ரகசியமா மூட்டை கட்டுறா. பெருநாள் முடிஞ்சதும் செமாரங் டவுனுக்குக் கிளம்புறாளாம். அவ பிள்ளைங்களும் போயிட்டா ஸ்கூலை மூடிடுவாங்க. ஸ்கூல் போனா ஊரே போச்சு. உன் வேலையும்தான்."

ரொம்லாவிடம் முந்தாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"மாத்திப் படி," என்றார் கஸ்மூரி. "போகலன்னு நாலு வரி சேத்துக்கோ. கேக்கிறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

வீட்டுக்கு வந்தவள் பென்சிலை எடுத்து, அவர் சொன்ன நாலு வரியையும் எழுதினாள். நன்றாகவே வந்திருந்தது. முந்தாமா போய்விடக்கூடாது என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் பொய்க்கதை சொல்லி அவளை இங்கே கட்டிப்போட்டு, நாளைக்கு அந்தப் பிள்ளைகளில் ஒன்றைத் தண்ணீர் இழுத்துக்கொண்டால் யார் முகத்தில் முழிப்பது? காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

மறுநாள் கஸ்மூரி ஒலிபெருக்கியின் சுவிட்சை ஒட்டி நின்றுகொண்டார்.

"அதுல கை வச்சீங்கன்னா," என்றாள் ரொம்லா, "மிச்சத்தைப் படகுல வீடு வீடாப் போய்க் கத்திப் படிப்பேன் தலைவரே."

கஸ்மூரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் படித்தாள். நாவலில் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போனது. விடிவதற்கு முன்னால், பக்கத்து வீட்டாரிடம்கூடச் சொல்லாமல், வெட்கப்பட்டுக்கொண்டு. கடைசிக் குடும்பம் போகும்போது வழியனுப்ப ஆளே இல்லை.

புத்தகத்தை மூடியபோது வாசலில் முந்தாமா நின்றாள். கைலி முழங்கால்வரை ஈரம், கையெல்லாம் சிப்பி வாடை. நேரே வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முந்தாமா பேசுறேன். நானும் அந்த ஆளுங்க மாதிரிதான் சொல்லாமக் கிளம்ப இருந்தேன். எதுக்கு? நான் யார் வீட்டுலயாவது திருடினேனா?" மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "நம்ம ஒண்ணொண்ணாப் போறதுதான் கவர்மெண்ட்டுக்கு வசதி. கேள்வி கேக்க ஆள் இருக்காதுல்ல. போனா ஊரே சேந்து போவோம். நிலம் குடு, ஸ்கூல் குடு, கடலுக்குப் போற வழி குடு. குடுக்கிறவரைக்கும் நான் நகரமாட்டேன்."

"இதை ஆபீஸ்ல போய் நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார் கஸ்மூரி. அதுவும் ஒலிபெருக்கியில் போய்விட்டது.

"புத்தகத்தை எடுத்துட்டுப் போங்க," என்றாள் முந்தாமா. "கடைசி அத்தியாயத்தைப் படிச்சுக் காட்டுங்க. எங்க ஊருக்கு இப்படி ஒரு முடிவ நாங்க ஒத்துக்கமாட்டோம்னு சொல்லுங்க."

ரொம்லா புத்தகத்தை நீட்டினாள். அவர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். ஊரில் நனையாத இடம் வேறு கிடையாது.

நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல வேண்டியவர் கடிகாரத்தைப் பார்த்துத் தவித்தார். முந்தாமா மைக்கை விடவில்லை.

"நாளைக்கு என் வீட்டுத் தரைக்கு மண் கொட்டணும். யார் படகு வருது?"

பதில் சொல்ல ஊராரிடம் ஒலிபெருக்கி இல்லை. தண்ணீருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் "என் படகு" என்றது. கூடத்துப் பின்பக்கத்திலிருந்து இன்னொன்று. பிறகு யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஊரே கத்தியது. அன்றைக்கு நோன்பு திறக்கக் கொஞ்சம் தாமதமாயிற்று.