புழு எடுக்கும் வேலை

கடைகளில் விற்காமல் திரும்பி வந்த கோழிக்கறியைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் பிரிக்க முடியாது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட வேண்டும். விரல் வழுக்கினால் உப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசலாம். நூல்போல் விரலோடு இழுத்துக்கொண்டு வந்தால் அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டும். மீதி அரவைக்குப் போகும். மசாலாவும் புகை மணமும் ஏறி சாசேஜாக வெளியே வரும்போது எதுவும் தெரியாது. ஆறு வருடமாக இதைச் செய்கிற பெண்ணை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் விரல்களில் அந்த வாடை போவதில்லை.

பத்து மணிக்கு இடைவேளை மணி அடித்ததும் அவள் உடை மாற்றும் அறைக்கு ஓடித் தன் அலமாரியைத் திறந்தாள். உள்ளே, காற்றுக்காக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி. அதற்குள் வீட்டுப் பூனை. மகள் வைத்த பெயர் திருடி. நாய் கடித்த காயத்தோடு நான்கு நாள் கட்டிலுக்கடியில் ஒளிந்து கிடந்ததில் ஈ முட்டையிட்டுவிட்டது. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புழுவ எடுக்கணும்மா. விட்டா எலும்பு வரைக்கும் போயிடும், அப்புறம் பொழைக்காது" என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். புருஷன் லாரியோடு வெளியூரில். மகளுக்குப் பரீட்சை. நேற்று லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர், "ஏன், பூனைக்குப் பிரசவமா?" என்று சிரித்தான்.

தராசில் எடை போடும் பெண் பின்னாலேயே வந்தாள். நெட்டை காயத்துக் கட்டை அவிழ்த்ததும் நாற்றம் அறையை நிறைத்தது. தொடையில் காசளவு குழி. அதன் அடியில் எல்லாம் ஒன்றாக நெளிந்தது.

"ஐயோ, கருமம்! எப்படிடீ பாக்குற இத?"

"நீ பாக்காத. கால மட்டும் கெட்டியா புடி."

நெட்டை காயத்தின்மேல் வாசலினைக் கனமாகப் பூசினாள். புழு தலையை உள்ளே புதைத்துக்கொண்டு வால்பக்கமாகத்தான் மூச்சு விடும். அதை அடைத்துவிட்டால் காற்றுக்காகத் தானே மேலே வரும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் பாதி அறுந்து உள்ளே தங்கிவிடும். அவள் காத்திருந்தாள். வெள்ளை நுனிகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. புருவ முடி எடுக்கும் சின்ன இடுக்கியால் பிடித்து, தண்ணீர் ஊற்றிய பாட்டில் மூடியில் போட்டாள்.

"நம்ம பெட்டிக் கறிக்கு இது தேவலாம். இதாச்சும் உசுரோட இருக்கு" என்றாள் தராசுக்காரி.

"வாய மூடுடீ. சிரிச்சா கை ஆடுது."

பதினாறாவது புழுவை எடுக்கும்போது கதவு திறந்தது. சூப்பர்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டான். தராசுக்காரி கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

"சார், இன்னும் நாலஞ்சுதான். அடியில இருக்கறதுதான் எலும்புக்குப் போகும். அஞ்சு நிமிஷம் குடுங்க சார்."

"ஜனங்க வாயில வைக்கிற பொருள் செய்யற எடம் இது! புழு நோண்டின கையோட வந்து கறிய தொடுவியா? உனக்கு அருவருப்பே கெடையாதா?"

"இருக்கு சார். டெய்லி இருக்கு."

"ஏப்ரன கழட்டு. நாளைலேருந்து வராத."

அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே நெட்டை பூனையின் காலை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு மீதியையும் எடுத்தாள். திருடி அவள் மணிக்கட்டைக் கடித்தது. கடைசியில் குழியில் சிவப்புச் சதை மட்டும் தெரிந்தது. அசைவு இல்லை. புதுத் துணியால் கட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஏப்ரனையும் கத்தியையும் அரவைக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். அவள் பாதியில் விட்ட கறிப்பெட்டி மேசைமேல் அப்படியே இருந்தது. ஓரத்துத் துண்டுகளில் பச்சை பூத்திருந்தது. அவள் இடத்தில் ஆள் இல்லை. சூப்பர்வைசர் தராசுக்காரியைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"மிஷின் சும்மா ஓடுது பாரு. அத அப்படியே கொட்டு."

"சார், அது இன்னும் கழிக்கல..."

"கொட்டுன்னா கொட்டு!"

பெட்டி கவிழ்ந்தது. இயந்திரம் ஒரு நொடி திணறிவிட்டுச் சீராக ஓடியது. துளைத்தட்டின் வழியே இளஞ்சிவப்பு இழைகள் நெளிந்து நெளிந்து இறங்கின. நெட்டை பூனைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தபோது சூப்பர்வைசர் கையை நீட்டித் தடுத்தான்.

"ஏய், ஒதுங்கிப் போ. மிஷின் மேல பட்டுடப் போகுது."