மூன்றாவது வளைவில் முட்டுக்கல்

அந்த மலைப் பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலையை ஒட்டி ஐந்து சிற்றூர்கள். எதிலும் முப்பது வீடுகளுக்கு மேல் இல்லை. ஓர் ஊரில் தும்மினால் அடுத்த ஊரில் விசாரிப்பார்கள். மூன்றாவது வளைவில் ஒரே மாதத்தில் மூன்றாவது வண்டி கல்லில் ஏறி டயர் வெடித்தபோது, மத்தியானத்துக்குள் ஐந்து ஊர்களும் ஒரே ஆளைச் சந்தேகித்தன: வளைவுக்குக் கீழே பஞ்சர் கடை வைத்திருப்பவனை.

மூன்றாவது வண்டி பால்வண்டி. விடியற்காலைப் பனியில் கவிழ்ந்து, ஓட்டியவருக்கு இடது கை முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு அவரே கடைக்கு வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"டயர் வெடிச்சா யாருக்கு லாபம்? சொல்லுப்பா."

"கை முறிஞ்சா டாக்டருக்கு லாபம். அவரா கல்லைப் போட்டாரு?"

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நான் கத்துறதுக்குள்ள வந்து தூக்கினியே, எப்படி? வண்டி வர்றதுக்கு முன்னாடியே நீ வளைவுல நின்னேன்னு உங்க அண்ணியே சொல்லிட்டாங்க. அஞ்சு மணிக்குக் கூடுறோம். பதில் இல்லேன்னா கடையைக் காலி பண்ணு."

வண்டி கவிழ்ந்த சத்தம் கேட்டுத்தான் அவன் ஓடினான். அது அண்ணிக்குத் தெரியும். வளைவுக்குச் சற்று மேலே ஏற்றத்தில் டீக்கடை நடத்துகிறாள். அண்ணன் நெடுந்தூர லாரிக்குப் போனபிறகு அவள் கடைக்குக் கூரைத் தகரம் மாற்றிக் கொடுத்ததுகூட இவன்தான்.

அவர்கள் போனதும் வளைவுக்குச் சென்றான். கல் ஓரச் சாக்கடையில் கிடந்தது. சேற்றைத் துடைத்தான். தட்டையான பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு.

ஏற்றத்தில் டீக்கு நிற்கும் லாரிகள் பின்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுக்கும். டிரைவர்கள் தேடி அலையக் கூடாதென்று அண்ணி தட்டைக் கற்களைக் கடையோரம் குவித்து, பனியில் தெரியச் சுண்ணாம்பும் அடித்திருந்தாள். வரிசை வளைவுவரை நீளும். டீ குடித்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்; கல் சாலையிலேயே கிடந்து சேறு அப்பும். பார்த்துப் பார்த்துப் பழகியதால் அந்தக் கற்கள் யார் கண்ணிலும் படவில்லை. அவன் கண்ணிலும்தான்.

டீக்கடைக்கு ஏறினான். அண்ணி குந்தி உட்கார்ந்து கம்பி பிரஷால் கற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருந்தது.

"என்ன அண்ணி, கல்லுக்கெல்லாம் குளியலா?"

"பாசி புடிச்சிருந்துச்சுப்பா."

"வெள்ளைப் பாசியா?"

அவன் கையிலிருந்த கல்லைப் பார்த்ததும் பிரஷைக் கீழே வைத்தாள். "நீ கைத்தொழில் தெரிஞ்சவன், எங்க போனாலும் பொழச்சுக்குவே. எனக்கு இந்த ஏத்தத்தை விட்டா என்ன இருக்கு?"

"அதுக்கு என்னை மாட்டிவிடுவீங்களா?"

"அதைக் குடு." கை நீட்டினாள்.

அவன் கொடுக்கவில்லை.

ஐந்து மணிக்குப் பஞ்சர் கடை முன் எல்லோரும் கூடினார்கள்; அண்ணியும் வந்திருந்தாள். பழைய டயர்மேல் கல்லை வெள்ளைப் பக்கம் மேலாக வைத்தான். பால்வண்டிக்காரர் கல்லைப் பார்த்தார். பிறகு அண்ணியின் நகக்கண்களில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார்.

"ஏம்மா, வண்டி கிளம்பினா கல்லை எடுத்து வைக்கணும்னு உனக்குத் தோணலையா?"

"இனிமே எடுத்துடறேன்ணே."

பஞ்சர் கடை தப்பியது. டீக்கடையையும் மூடச் சொல்லவில்லை. வண்டி நகர்ந்ததும் அண்ணி ஓடிப்போய்க் கல்லை எடுக்கிறாள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அவன் நம்பவில்லை. பொய்ச் சாட்சி இப்போது மெய்யாகிவிட்டது: முதல் வண்டி வருமுன், தினமும் விடியற்காலையில், சாலையைப் பார்த்தபடி அவன் வளைவில் நிற்கிறான். மேலே டீக்கடை வாசலில் நின்று அண்ணி அவனைப் பார்க்கிறாள்.